புது ஆயருக்குக் கடைசி பெஞ்சிலிருந்து

ஆயர்களின், அதாவது பாஸ்டர்களின், இடமாற்றப் பட்டியல் வந்த அன்று ராத்திரியே புது ஆயரின் ஜாதகம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. முன்பு எந்தச் சபை, பிரசங்கம் எத்தனை நிமிஷம், ஆயரம்மாவுக்கு எங்கே வேலை, எல்லாம். பாவம், அவருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? அதனால்தான் இந்தப் பதிவு. சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் பன்னிரண்டு வருஷம் நாற்காலி தேய்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஐயா, முதல் வருஷம் ஆராதனை நேரத்தில் கை வைக்காதீர்கள்.

முன்பு ஒருவர் வைத்தார். நல்ல மனுஷர், நல்ல பிரசங்கியும்கூட. மே மாசம் வந்து இறங்கினார். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது ஞாயிறே எட்டரை மணி ஆராதனையை ஏழு மணிக்கு மாற்றினார். கமிட்டியில் ஒருவரும் எதிர்க்கவில்லை, நானும்தான். ஆனால் எங்கள் கோவிலில் கடைசி இரண்டு பெஞ்சும் நர்ஸ்களுடையவை. நைட் ஷிஃப்ட் முடித்து, டிபன் பையோடு நேரே வருவார்கள். முதல் பாமாலைக்கு நிற்பார்கள், பிரசங்கத்தில் தூங்கிவிழுவார்கள், நற்கருணைக்குச் சரியாக எழுந்து முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். அந்தத் தூக்கத்தை யாரும் குறை சொன்னதில்லை. எட்டரை என்பதே அவர்களுக்காக எப்போதோ யாரோ வைத்த நேரம். எந்த மினிட்ஸ் புத்தகத்திலும் அது இருக்காது.

ஏழு மணி ஆனதும் அந்த பெஞ்சுகள் காலி. சண்டை இல்லை, மனு இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். ஜனங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று ஆயர் பிரசங்கத்தில் வருத்தப்பட்டார். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பக்கத்துச் சபைகள் பலவும் 1853-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியில் வந்தவை. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-ல், அதன் கீழ் இந்தப் பகுதிச் சபைகளை நிர்வகிக்கும் வேலூர் பேராயம் 1976-ல். உங்களை அனுப்புகிற பேராயத்தைவிட நீங்கள் வந்து நிற்கிற சபைக்கு வயசு அதிகமாக இருக்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. இத்தனை காலமாகப் படிந்ததில் பாதிக்குக் காரணம் உண்டு, பாதி வெறும் அழுக்கு. எது எது என்று வந்த வேகத்தில் தெரியாது.

அதுவரை என்ன செய்வது? அடக்கப் பதிவேட்டை எடுத்துப் படியுங்கள். போன ஒரு வருஷத்தில் யார் யார் போனார்கள் என்று அதில் இருக்கும். முதலில் அந்த வீடுகளுக்குப் போங்கள். என் அம்மா இறந்து பதினோராம் மாசம் ஒரு ஆயர் இப்படித்தான் வந்தார். பார்த்தே இராத அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அதற்கப்புறம் அவர் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் எங்கள் வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

அப்புறம், சாப்பாடு. முதல் வாரம் பார்சனேஜுக்கு, அதாவது ஆயர் குடியிருக்கும் வீட்டுக்கு, ஆம்பூர் பிரியாணி வரும். சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் கொண்டுவந்தவர் அடுத்த சபைத் தேர்தலில் எந்தக் கோஷ்டி என்று மெதுவாக விசாரித்துக்கொள்ளுங்கள். போன ஆயரைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் காபி ஆறுகிறது என்று சொல்லிவிடுங்கள்.

வருஷம் காத்திருக்கக் கூடாத விஷயமும் உண்டு. பாஸ்புக்கையும் வவுச்சர்களையும் முதல் வாரமே கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று கேரல் ரவுண்ட், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவது. சில சபைகளில் அது ஒரு தெருவுக்கு மட்டும் போகாது. காரணம் கேட்டால் நேரமாகிவிடும் என்பார்கள். அதே வண்டி கமிட்டிக்காரர் வீட்டுக் கேக்குக்காகக் காட்பாடி வரை போகும். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். இது அழுக்குதான் ஐயா, இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. முதல் டிசம்பரிலேயே ரவுண்டை அந்தத் தெருவில் தொடங்குங்கள். கமிட்டியில் முணுமுணுப்பார்கள். இந்தத் தடவை நான் எழுந்து பேசுகிறேன்.