பெயின்ட்டைப் பார்த்து பூம் லிஃப்ட் வாங்காதீங்க!

பழைய பூம் லிஃப்ட்டை (நீளும் கையின் நுனியில் கூடை வைத்து ஆளை உயரத்துக்குத் தூக்கும் மெஷின்) விற்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை பெயின்ட் அடிப்பது. எரிச்சலே அங்கேதான்! வெல்டிங்கில் விழுந்த விரிசல் பெயின்ட்டில்தான் முதலில் தெரியும், மயிரிழைக் கோடாக, ஓரத்தில் துரு கசிந்து. அந்தத் தடயத்தையே அழித்துவிட்டு "கண்டிஷன் சூப்பர் சார்" என்கிறார்கள். வாங்க வருகிறவரும் எத்தனை மணிநேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரைப் பார்க்கிறார், டயரை உதைக்கிறார், விலை பேச உட்கார்ந்துவிடுகிறார். 60 அடி உயரத்தில் தொங்கப்போவது அவரா என்ன?

பூம் என்கிற அந்த நீளும் கையின் அடி பின், சிலிண்டரைப் பின்னால் மாட்டும் கண், ஜிப் (நுனியிலுள்ள குட்டிக் கை) இணைப்பு, ஆள் நிற்கும் பேஸ்கெட்டின் பிராக்கெட், இந்த இடங்களின் வெல்டிங்குகளைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் பெயின்ட்டை உரித்து டை பெனட்ரன்ட் டெஸ்ட் (சாயம் பூசி விரிசலைக் காட்டும் சோதனை) கேளுங்கள். உரிக்க விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். பூமைச் சுழற்றும் அடித்தட்டான டர்ன்டேபிளின் போல்ட் தலைக்கடியில் சிவந்த துருப்பொடி தெரிந்தால் போல்ட் லூசாகி உரசுகிறது. பூமை நீட்டினால் பக்கவாட்டில் நீளக் கீறல்களா? பூமின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் வேர் பேட் என்கிற உராய்வுக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது.

லோடு டெஸ்ட்டை ஒருத்தரும் செய்வதில்லை. ஆளை ஏற்றாமல், மெஷினின் பிளேட்டில் போட்டிருக்கும் முழு எடைக்கு (பல மாடல்களில் 227 கிலோ) பேஸ்கெட்டில் மூட்டை வைத்துக் கட்டி, சமதரையில், கீழிருக்கும் கன்ட்ரோலால் பூமைத் தூக்குங்கள். இஞ்சினை அணைத்து, லிஃப்ட் சிலிண்டர் ராடு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு 10 நிமிடம் விடுங்கள். எண்ணெய் சூடு ஆறும்போது இம்மி இறங்கலாம். கோடு தொடர்ந்து உள்ளே போனால் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஹோல்டிங் வால்வோ சிலிண்டர் சீலோ போய்விட்டது. அடியில் யாரும் நிற்கவே கூடாது. ஹோஸ் கசிவையும் கையால் தடவாதீர்கள், காகித அட்டைத் துண்டைக் காட்டுங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் ஊசியாய் இறங்கிவிடும்.

இதையெல்லாம்விடக் கொதிப்பது, பேஸ்கெட்டில் காலால் மிதிக்கும் ஃபுட் சுவிட்சைக் கம்பி போட்டு அமுக்கிக் கட்டிவைத்திருப்பது. காலை எடுத்தால் எல்லா இயக்கமும் நிற்க வேண்டும், அதற்குத்தானே அந்த சுவிட்ச்? ஆப்பரேட்டர் மயங்கி லிவர்மேல் சரிந்தால் மெஷினை எது நிறுத்தும்? இஞ்சின் நின்றால் பூமை இறக்கும் எமர்ஜென்சி பம்ப்பும் பல மெஷின்களில் பேருக்குத்தான் இருக்கிறது, அதை ஓட்டும் பேட்டரி செத்துக் கிடக்கிறது. இஞ்சினை அணைத்து, அந்தப் பம்ப்பால் மட்டும் பூமைத் தரைவரை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறங்காத மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்!