மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

எங்கள் ஊர் மண்டபத்தில் குடல் கிருமி டப்பாவைப் பற்றி நடந்த கூட்டத்தின் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "குடலில் நல்ல கிருமி சேர்ந்துவிட்டால் சர்க்கரை மாத்திரை எதற்கு?" என்று மைக்கில் கேட்டவருக்கு எங்கள் வீரவநல்லூர்க்காரர்கள் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குடல் கிருமி ஆராய்ச்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. அக்கர்மான்சியா என்ற கிருமியை பெல்ஜியத்தில் எடை கூடியவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசிவரை இருந்தவர்கள் 32 பேர். சூடாக்கிக் கொன்ற கிருமியைச் சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. எடை மட்டும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. 2020இல் சர்க்கரைக்காரர்கள் 76 பேரை வைத்து, ஐந்து கிருமி கலந்த கேப்சூலைச் சோதித்த முடிவு வந்தது. 12 வாரம் கழித்து, வெற்று கேப்சூல் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 0.6 புள்ளி குறைவாக இருந்தது. சோதித்தது அதை விற்கிற கம்பெனிதான். அதிலும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்! இதைச் சொல்ல மைக்கில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே.

"நல்ல கிருமி" என்று நம்பி என் அத்தை வாங்கிய டப்பாவை வாங்கிப் படித்தேன். தயிரில் இருக்கிற வகைக் கிருமிகள்தான் அதில் எழுதியிருக்கிறது. அக்கர்மான்சியா பேரே இல்லை.

"மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்" என்பீர்கள். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்துவார். அது டாக்டர் முடிவு. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. இன்னொன்றும் கேளுங்கள், மெட்ஃபார்மினே குடலில் அக்கர்மான்சியாவைக் கூட்டுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. "நல்ல கிருமிக்குப் பழைய சோறு போதுமே" என்கிறவர்களுக்கு, அதுவும் சோறுதான், அளவாகச் சாப்பிடுங்கள்.

என் பெரியப்பா இப்படி ஒரு பவுடரை நம்பி மாத்திரையை விட்டவர். செருப்புக் கடித்த புண் ஆறாமல் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்க்கொண்டிருந்த மனுஷர், இப்போது வாசல்படி இறங்க ஆள் தேடுகிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இதற்குத்தான் ஊர் குரூப்பில் எனக்கு "மாத்திரைக் கம்பெனி ஆள்" என்று பேர். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே காசில்லாமல் வருகிறது. அதில் எனக்கு என்ன கமிஷன் கிடைக்கும்? அந்நியர் சொன்னால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சொன்னது என் மாமா மகன்.

மச்சான், என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அத்தையின் மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது, நானே பார்த்தேன். இன்று ராத்திரிச் சாப்பாட்டோடு எடுத்துக் கொடுங்கள்.