ரேஷன் அரிசியில் இட்லி கல்லாகுமா?
ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி கல்லு மாதிரிதான் வரும், கடையில் இட்லி அரிசி வாங்குவதே மேல் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கோளாறு அரிசியில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசி கழுவும்போது முதல் இரண்டு தண்ணீரை ஊற்றிய கையோடு வடித்துவிட வேண்டும். நிற்கவிட்டால் மூட்டை வாடையை அரிசி மறுபடி இழுத்துக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பான நீரில் 6 மணி நேரம் ஊறவிடுங்கள். கழுவும்போது மேலே மிதக்கிற வெள்ளை மணிகளைப் பிளாஸ்டிக் என்று பலர் பொறுக்கி எறிகிறார்கள், தயவுசெய்து எறியாதீர்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள் அவை, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலந்தவை. உளுந்துக்கு 1 மணி நேரம் ஊறல் போதும். குளிர்ந்த நீரைக் கை கையாகத் தெளித்து கிரைண்டரில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். உளுந்து மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இட்லி எழும்பாது. அரிசியை நைசாக அரைத்தால் பிசுபிசுக்கும், சன்ன ரவைப் பதத்தில் எடுங்கள். மிருதுவாக வர சோடா உப்பு போடச் சிலர் சொல்வார்கள், அது வேண்டாம். ஒரு கைப்பிடி அவலை ஊறவைத்து அரிசியோடு அரைத்தாலே மிருது வந்துவிடும். இரண்டு மாவையும் சேர்த்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து 8 மணி நேரம் புளிக்கவிடுங்கள், மார்கழிக் குளிரில் 12 மணி நேரம்கூட ஆகும். பொங்கிய மாவைக் கலக்காமல் ஓரத்திலிருந்து அள்ளி ஊற்றுங்கள்.