காலக்கெடு வாங்குபவனுக்கு மட்டும்தானா?

வீடு வாங்க நான் போட்ட கிரய ஒப்பந்தத்தில், மூன்று மாதத்துக்குள் கிரயத்தை முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டது இரு தரப்பும்தான். ஆனால் அந்த மூன்று மாதம் என் கழுத்துக்கு மட்டும் கட்டிய கயிறாக இருக்கிறது. நான் மீதிப் பணத்தைப் புரட்டத் தவறினால் முன்பணம் முழுவதும் போய்விடும் என்று அதில் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். விற்பவர் இழுத்தடித்தால்? "சட்டப்படி பரிகாரம் தேடிக்கொள்ள வேண்டியது" என்று ஒற்றை வரி. பத்திர எழுத்தரிடம் கேட்டபோது, "எல்லோருக்கும் இப்படித்தான் சார் எழுதுகிறோம்" என்றார். எல்லோருக்கும் இப்படித்தான் என்றால், எல்லோருக்கும் அநியாயம்தான் நடக்கிறது என்று பொருள்.

தாம்பரம் தாண்டி ஒரு பழைய தனி வீடு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. அதன்மேல் அவர்கள் வாங்கிய வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. மூலப் பத்திரங்கள் அந்த வங்கியில் இருக்கின்றன. இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். அன்றாடம் நடக்கிற வியாபாரம்தான் இது. என் வங்கி அவர்கள் கடனை அடைத்துப் பத்திரங்களை மீட்கும், மீதி அவர்களுக்குப் போகும், வீடு எனக்கு வரும்.

இதற்கு விற்பவர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். தம் வங்கிக்குப் போய்ப் பாக்கித் தொகை எவ்வளவு என்று ஒரு கடிதமும், அங்கே என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியலும் கேட்டு வாங்க வேண்டும். கடன் வாங்கியவர் கேட்டால்தான் வங்கி அவற்றைக் கொடுக்கும். நான் போய் நின்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு கடிதத்துக்காக நான் கெஞ்சிய கெஞ்சல் கொஞ்சமா? திங்கட்கிழமை கேட்டால் "வியாழக்கிழமை போகிறேன் தம்பி" என்பார். வியாழக்கிழமை கேட்டால் மூட்டு வலி. அடுத்த வாரம் கேட்டால் மேலாளர் விடுப்பு. ஒருவழியாக வாங்கிய கடிதத்தையும் என்னிடம் சொல்லாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். அதில் குறித்த தொகை ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும்தான் செல்லும். நான் வாங்கிப் பார்த்தபோது அந்தத் தேதி முடிந்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

அதற்குள் அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்விட்டார். தாய் போகத்தான் வேண்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் போடும்போதே மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? கிளம்பும் முன், தமக்காகவும் கையெழுத்துப் போடக் கணவர் பெயருக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருந்தால் அரை நாளில் வேலை முடிந்திருக்கும். அங்கே போன பிறகு கேட்டால், தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், அஞ்சலில் வர வேண்டும், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். "அவ்வளவு சிரமம் எதற்குத் தம்பி, அவளே வந்துவிடுவாள்" என்றார். யாருக்குச் சிரமம்? அவருக்குச் சிரமம் கூடாது என்பதற்காக என் குடும்பம் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

பிறகு ஆடி வந்தது. நல்ல நாள் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் பஞ்சாங்கம் பாராமல் எதையும் தொடங்க மாட்டார். பதிவுத் துறையே முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஆனால் ஆடி எப்போது பிறக்கும் என்பது ஆண்டு தொடங்கும்போதே நாள்காட்டியில் இருக்கிறதே! அதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று சித்திரையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வைகாசியையும் ஆனியையும் வீணாக்கிவிட்டு, "ஆடியில் எப்படிப் பதிவு செய்வது?" என்று என்னிடமே கேட்டார்.

பட்டா விவகாரம் தனி. பட்டா இன்னும் அவர்களுக்கு முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. வீடு வாங்கி இத்தனை ஆண்டுகளாகப் பெயர் மாற்றாமல் இருந்தது அவர்கள் விருப்பம். விற்க முடிவு செய்த பிறகாவது விண்ணப்பிக்க வேண்டாமா? இ-சேவை மையத்துக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனதும் நான்தான், கட்டணம் கட்டியதும் நான்தான்.

இந்த இழுத்தடிப்பில் அவருக்குப் போனது என்ன? ஒன்றுமில்லை. அவர் தம் சொந்த வீட்டில் குடியிருக்கிறார். என் முன்பணம் அவர் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வீட்டின் மதிப்பு ஏறினால் அதுவும் அவருக்கே. எனக்கு என்ன போனது என்று சொல்கிறேன். முன்பணத்துக்காக என் மனைவி தன் வளையல்களையும் தாலிச் சங்கிலியையும் அடகு வைத்தாள். மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்ற கணக்கு. இப்போது மஞ்சள் கயிற்றோடு உறவினர் கல்யாணங்களுக்குப் போகிறாள். போகும் இடமெல்லாம் யாராவது ஒருவர் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். நகைக் கடன் வட்டி ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. அவர் தம் மகனுக்காக அந்த வீட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் தவணை கேட்டுக் கேட்டு முகத்தில் விழிக்கக் கூசுகிறது. மகளை அந்தப் பகுதிப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. விடியற்காலையில் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

வங்கி மட்டும் சும்மா இருக்குமா? கடன் அனுமதிக் கடிதத்துக்கு ஆயுள் சில மாதங்கள்தான். அது முடிந்தால் மறுபடி சம்பளச் சான்று, மறுபடி வங்கிக் கணக்கு அறிக்கை, புதிய தேதிக்கு வில்லங்கச் சான்று, வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்கு மறுபடி கட்டணம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்குபவன் கட்டுகிறான். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இடையில் அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலையைத் தாண்டி உயர்ந்தால் அந்தக் கூடுதலும் வாங்குபவன் தலையில்தான் விழும். தாமதித்தவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆவணியில் ஒரு நாள் குறித்தோம். அந்தத் தேதி அவரே பார்த்துச் சொன்ன தேதி. அவர் மனைவியும் ஊர் திரும்பியிருந்தார். டோக்கன் போட்டு, தீர்வையைச் செலுத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். என் வங்கி அலுவலர் வரைவோலைகளை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒன்று அவர்கள் கடனை அடைக்க, இன்னொன்று அவர்கள் பெயரில். சாட்சிக்கு வந்த மைத்துனர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தார். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். புகைப்படம் எடுக்கும் நாற்காலியில் வேறொரு குடும்பம் போய் உட்கார்ந்தது. விற்பவரின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் தரகர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "சித்தப்பா ஒருவர் இன்று நாள் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம் சார். தப்பாக நினைக்காதீர்கள்."

தப்பாக நினைக்காமல் வேறெப்படி நினைப்பது? வரைவோலை எடுத்த அன்றிலிருந்து என் கடனுக்கு வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. அன்று காலை எட்டு மணிக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வங்கி அலுவலராவது வந்திருக்க மாட்டார், மைத்துனராவது வேலைக்குப் போயிருப்பார். மன்னிப்புக்கூட நான் எதிர்பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துப் பதில் சொல்லியிருந்தால் போதும். நம்மைக் கடன் கேட்டு வாசலில் நிற்பவனைப் போல நினைத்தால்தான் இப்படிக் கைபேசியை அணைத்து வைக்கத் தோன்றும். இங்கே பணம் கொடுத்திருப்பவன் நான்!

இதற்கெல்லாம் பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. அதே தெருவில் ஒரு வீடு கூடுதல் விலைக்குப் போயிருக்கிறதாம். "நீங்களும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் தம்பி" என்றார், குரலில் துளிக் கூச்சம் இல்லாமல். அவருடைய தாமதத்தால் விலை ஏறியது. அந்த ஏற்றத்தை நான் கொடுக்க வேண்டும்! விலை இறங்கியிருந்தால் குறைத்துக்கொண்டிருப்பாரா?

எல்லாத் தாமதமும் அநியாயம் அல்ல. வீட்டில் ஒரு சாவு விழுந்தால், ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால், தாலுகா அலுவலகத்தில் கோப்பு நகராவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? அதை உள்ளபடி சொன்னால் காத்திருக்க நான் தயார். பொய் சொல்லி நாளைக் கடத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சட்டம் தாமதத்துக்கு விலை வைக்கத் தெரியாத சட்டமும் அல்ல. கட்டுமான நிறுவனம் சொன்ன தேதிக்குள் வீட்டை ஒப்படைக்காவிட்டால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாங்கியவருக்கு வட்டி தர வேண்டும். கடனை முழுதாக அடைத்த பிறகு 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், தன்னால் ஏற்பட்ட தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுமான நிறுவனத்துக்குக் கெடு உண்டு, வங்கிக்குக் கெடு உண்டு. தனி நபர் தம் பழைய வீட்டை விற்கும்போது மட்டும் நாட்கணக்கு கிடையாது. அந்த ஒழுங்குமுறைச் சட்டம் மறுவிற்பனைக்குப் பொருந்தாது. அசையாச் சொத்து விற்பனையில் காலக்கெடு பொதுவாக ஒப்பந்தத்தின் சாரம் ஆகாது, அதாவது கெடு தாண்டியதால் மட்டும் ஒப்பந்தம் முறிந்துவிடாது என்பதே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்து. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சொத்து மாற்றுச் சட்டம் 1882-இல் வந்தது. விற்பவர் தம் கையில் உள்ள உரிமை ஆவணங்களை வாங்குபவர் கேட்டால் காட்ட வேண்டும், உரிமை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதன் 55-ஆவது பிரிவு அன்றே சொல்லிவிட்டது. இத்தனை காலம் கழித்தும் ஒரு பத்திர நகலுக்கு நாம் கையேந்தி நிற்கிறோம்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையே கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஒப்பந்தமும் பதிவானதுதான். அந்தக் காலக்கெடுவை அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, கைரேகை வைத்து ஒப்புக்கொண்டார். பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய அரசு, அந்த ஒப்பந்தத்தில் தாமத இழப்பீடு என்று ஒரு வரியையும் கட்டாயமாக்கலாமே! கெடு தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு, அது மீதித் தொகையில் கழியும் என்று எழுதட்டும். விற்பவர் எந்தத் தேதிக்குள் எந்த ஆவணம் தருவார் என்று பட்டியல் போடட்டும். கூட்டு உரிமையாளர் வெளிநாடு போவதானால் கிளம்பும் முன்பே அதிகாரப் பத்திரம் கொடுத்தாக வேண்டும் என்று இருக்கட்டும். நேர்மையாக விற்கிறவர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லப் போவதில்லை.

இப்போது வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றித் தர மாட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று தரகர் மூலம் தூது வந்தது, வாங்க மறுத்துவிட்டேன். ஒப்பந்தப்படி கிரயம் செய்து தருமாறு உத்தரவிடுவதை நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டிருந்த நிலை 2018 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டது. சட்டம் சொல்லும் விலக்குகள் இல்லையென்றால் உத்தரவிட்டே ஆக வேண்டும். வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. வாங்குபவன் தொடக்கம் முதல் கடைசி வரை பணத்தோடும் மனத்தோடும் தயாராக இருந்தான் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அனுமதிக் கடிதங்கள், டோக்கன் ரசீது, அன்று எடுத்த வரைவோலைகளின் நகல், நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. நோட்டீஸில் 15 நாள் கெடு கொடுத்திருக்கிறேன். அதற்குள் இருவரும் வந்து கையெழுத்துப் போட்டால் பேசிய பணம் பேசியபடி கைக்கு வரும். வராவிட்டால் பதினாறாம் நாள் வழக்குத் தாக்கலாகும்.