கல்யாணக் கட்டிலும் பாலித்தீன் உறையும்

ஆவணி முகூர்த்தம் வந்தால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ரோடெல்லாம் கட்டிலும் பீரோவும் டைனிங் டேபிளும் ஓடும். பாலிஷ் வேலை செய்கிற எங்களுக்குப் போன் வரும். "அண்ணே, நேத்துதான் இறக்கினோம், தலைமாட்டுல வெள்ளையா பூத்திருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் பெண் வீட்டார் வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அவர்மேல் தப்பே இருக்காது. வண்டி ஏறும் முன்பே, கடையிலேயே அது கெட்டுப்போயிருக்கும்.

பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. தொட்டால் ஒட்டவில்லை என்றதும் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முழுசா இறுக நாளாகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். கல்யாண அவசரத்தில் அதற்குள் ஸ்ட்ரெட்ச் பிலிமை, அதாவது இழுத்துச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை, மரத்தின் மேலேயே இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். பகலில் வெயிலில் நிற்கும் வண்டியில் உள்ளே வேர்க்கும். ராத்திரி அந்த ஈரம் மரத்தின் மேலேயே படியும். அரக்கு வெளுத்துவிடும். பபிள் ராப்பைக் குமிழி உள்பக்கம் இருக்கும்படி சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும். பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்த மேசையிலும் அதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். நல்ல தேக்கு மரத்தையும் அயனி மரத்தையும் இப்படிப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மண் இது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சொல்லவே வேண்டாம். அதனால் பிளாஸ்டிக் கட்டாயம் வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் வெளியே. மரத்தைத் தொடுவது காட்டன் துணியாக இருக்கட்டும், பழைய வேட்டி போதும். அதன்மேல் அட்டை, மூலைகளுக்கு இரட்டை அட்டை. டேப்பை மரத்தில் ஒட்டவே கூடாது, உரிக்கும்போது பாலிஷையும் பிய்த்துக்கொண்டு வரும். கயிறு அழுந்துகிற இடத்தில் போர்வையை மடித்து வையுங்கள். காற்று பலமாக வீசுகிற ஆரல்வாய்மொழி வழியாகப் போகிற வண்டி என்றால் படுதாவை இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். அந்தக் காற்றில் படுதா படபடத்தால் அதன் இரும்பு வளையமே பீரோவைக் கீறிவிடும்.

கண்ணாடி, மார்பிள் பலகை இரண்டையும் நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் ஒரு பள்ளம் போதும், நடுவில் விரிசல் விடும்.

கம்பளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. நாலாக மடித்து டைனிங் டேபிளுக்கு அடியில் திணிக்கிறார்கள். அடியில் ரப்பர் பூச்சு உள்ள கம்பளம் மடித்த இடத்தில் வெடிக்கும். பவானி ஜமுக்காளம் என்றால் மடிக்கலாம், அதில் ரோமம் கிடையாது. ரோமம் உள்ளதைத் தூசி தட்டி, நன்றாக உலர்த்தி, கையால் தடவினால் வழுக்கிப் போகிற திசையில் சுருட்ட வேண்டும். நடுவில் தடித்த அட்டைக் குழாய் அல்லது பி.வி.சி. பைப் இருந்தால் வளையாது. மேலே பழைய பெட்ஷீட், அதற்கு மேல் பாலித்தீன். மெல்லிய கயிறு தடம் போடும், அகலமான துணி நாடாவால் கட்டுங்கள். வண்டியில் எல்லாச் சாமானுக்கும் மேலே படுக்க வைத்து, வீடு சேர்ந்த அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் சாமான் வாங்குகிற நாமே "பேக்கிங் சும்மா போட்டுத் தாங்க" என்கிறோம். சும்மா போடுவதென்றால் கையில் இருக்கிற பிலிமைத்தான் சுற்றுவார்கள். பேக்கிங் கூலியைப் பில்லில் தனியாக எழுதுங்கள், நாங்கள் தருகிறோம் என்று கேட்டு வாங்குவதில் வெட்கமே இல்லை. துணி, அட்டை, ஒரு ஆளின் அரை நாள் கூலி, அவ்வளவுதான். மறுபாலிஷுக்கு நான் வாங்குவது அதைவிட அதிகம்.

ஆவணிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறவர்கள் இந்த வாரமே கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். கடைசிக் கோட்டிங் என்றைக்கு அடிப்பார்கள்? மரத்தின் மேல் முதலில் எதைச் சுற்றுவார்கள்? கோட்டிங்குக்கும் வண்டி ஏற்றுவதற்கும் இடையில் ஒரு வாரமாவது இல்லையென்றால், சாமான் இறங்கும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.