அழுகைக் கணக்கில் இருந்ததற்குச் சிரித்தோம்

போன வாரம் பள்ளிப்பட்டில், கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தில் ஒருவர் வண்டியோடு விழுந்தார். ஆந்திரா பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் இங்கே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். வடிந்த பிறகும் பாசி வழுக்கும். உள்ளூர்க்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவோம். அவர் இந்தப் பக்கம் பால் ஊற்றப் புதிதாக வருகிறவர், அவருக்குத் தெரியவில்லை. டிவிஎஸ் வண்டி, இரண்டு பக்கமும் கேன். சறுக்கியதில் ஒரு கேனின் மூடி தெறித்து, பால் முழுக்க ஆற்றோடு வெள்ளையாகப் போனது.

கரையில் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எழுந்தவர், யாரும் எதுவும் கேட்கும் முன்பே "பர்வாலேது, பர்வாலேது" என்றார், தெலுங்கில் பரவாயில்லை என்று. முட்டி கிழிந்து ரத்தம் வழிந்தது. அதைப் பார்க்காமல் குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். டீக்கடை அக்காதான், "சிரிச்சது போதும், போய் கேனைத் தூக்குங்கடா" என்று கத்தினார்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. ஏன் சிரித்தேன்?

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். ஒருவர் வழுக்கி விழுந்ததும் நம் மனம் ஆபத்து என்று பதறுகிறது. அவர் எழுந்துவிட்டால், "பயப்பட ஒன்றுமில்லை, ஓடிவர வேண்டாம்" என்று கூட்டத்துக்குச் சொல்லும் சத்தம்தான் சிரிப்பு. மண்டை உடைந்தால் யாரும் சிரிப்பதில்லை. நம்பத் தகுந்த விளக்கம்தான். ஆனால் நாங்கள் அவர் எழுவதற்கு முன்பே சிரித்துவிட்டோம். ரத்தத்தைப் பார்த்த பிறகும் இரண்டு பேர் நிறுத்தவில்லை. அதற்கு இந்த விளக்கம் போதாது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதியான மெய்ப்பாட்டியலை எடுத்துப் பார்த்தேன். நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் நான்கு: எள்ளல் என்கிற கேலி, இளமை, பேதைமை, மடன். அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் முன்னால் தாழ்ந்து நிற்பது இளிவு. உள்ளதை இழப்பது இழவு. தளர்ந்துபோவது அசைவு. படித்ததும் எனக்கு அந்த மனிதர்தான் கண்முன் வந்தார். அழுகைக்குரிய நான்கும் அவரிடம் இருந்தன. எங்களிடம் இருந்தது எள்ளல் மட்டும்.

விழுவதைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். கோமாளியாக வரும் கட்டியக்காரன் பத்துத் தடவை விழுவார், பத்துத் தடவையும் சிரிப்போம். நாம் சிரிக்க வேண்டும் என்றுதான் அவர் விழுகிறார். ஆனால் அதே கூத்தில்தான் துரியோதனன் மண்டபத்தில் தண்ணீரைத் தரையென்று நினைத்துக் கால் வைத்து விழுகிறான், திரௌபதி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவே இல்லை. கடைசி நாள், துரியோதனன் மடிவதைக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அம்மனைக் கும்பிடுகிற ஊர், அம்மன் சிரித்ததை மறைக்காமல் வருஷாவருஷம் ஆடிக் காட்டுகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள் ஏழெட்டுப் பேரும்.

அப்புறம் இந்தச் செல்போன். அன்று ஒரு பையன் படம் எடுத்திருக்கிறான். சாயங்காலமே ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. சத்தத்தை எடுத்துவிட்டு சினிமா காமெடி வசனத்தை ஒட்டியிருந்தான். அதனால் "பர்வாலேது" யாருக்கும் கேட்காது. விழுந்ததோடு வெட்டியிருந்தான், முட்டியும் தெரியாது. நேரில் சிரித்த எங்களை அடக்க ஒரு அக்கா இருந்தார். வீடியோ பார்க்கிறவர்களுக்கு அந்த மனிதரின் முகம்கூட இல்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

நேற்று அந்தப் பையனைப் பார்த்துப் பேசினேன். "சாரிண்ணா" என்று என் எதிரிலேயே அழித்துவிட்டான். அதற்குள் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்குமோ தெரியவில்லை.

பால்காரர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மூடி மறுநாள் கல்லிடுக்கில் கிடைத்தது. அக்கா அதைக் கழுவி, வந்தால் கொடுக்கலாம் என்று கடையில் எடுத்து வைத்திருக்கிறார்.