விளையாட்டுப் பாடவேளையைப் பறித்துக் கணக்கு நடத்துவது பற்றி

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். 376 என்று எழுதிக் காட்டினான். சிவப்பு மையால் தப்புப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பல ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்துவந்தேன். அன்று ஏதோ தோன்றி, அவன் அந்த வாரம் போட்டிருந்த கழித்தல் கணக்குகள் அனைத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறான். எட்டில் இரண்டு போக ஆறு, ஏழில் சுழியம் போக ஏழு, நான்கில் ஒன்று போக மூன்று. எல்லாக் கணக்கிலும் இதே விதிதான், ஓரிடத்திலும் பிசகவில்லை. தவறான விதியொன்றை இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுகிற பிள்ளையை நமது பதிவேடுகள் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்க்கின்றன.

அந்தச் சொல்லில் எனக்கு நெடுநாளாக உடன்பாடில்லை. 2025-26 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் 2020-21இல் மூன்றாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. அதாவது மூன்றாம் வகுப்பு முழுவதும், நான்காம் வகுப்பில் ஏறத்தாழ பாதியும் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. இடமதிப்பும் கடன் வாங்கிக் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் கைக்குப் பழக வேண்டிய காலம் அதுதான். வீட்டில் தனிக் கைப்பேசியும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்த பிள்ளைகள் ஒருவாறு கடந்துவிட்டார்கள். மற்றவர்கள் கற்பதில் மெதுவானவர்கள் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? அவர்களுக்குக் கற்பிக்கப்படவே இல்லை.

கொரோனாவை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஓர் எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிற கணக்கை, ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களில் 45.8 விழுக்காட்டினரே செய்ய முடிந்தது என்று ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் அசர் (ASER) அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை இந்தியா முழுமைக்குமாகச் சொல்கிறது. அதே எட்டாம் வகுப்பில் எங்கள் கணிதப் புத்தகம், பின்ன வடிவில் எழுதக்கூடிய விகிதமுறு எண்களில் தொடங்குகிறது. வகுத்தலே வராத பிள்ளைக்கு விகிதமுறு எண் எப்படிப் புரியும் என்ற கேள்விக்குப் பாடத்திட்ட அட்டவணையில் இடமில்லை.

தொடக்கக் கல்வியில் இதற்கு நாம் ஒரு விடை கண்டிருந்தோம் என்பதை நினைக்கும்போதுதான் ஆதங்கமாக இருக்கிறது. செயல்வழிக் கற்றல் முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்றல் ஏணி இருந்தது. தான் நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு அவரவர் வேகத்தில் ஏறினார்கள். அந்த முறைக்குக் குறைகள் இருந்தன, பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் பாட அட்டைகளை அடுக்கி வைப்பதற்கே பாதி நாள் போய்விடும் என்று தொடக்கப்பள்ளி நண்பர்கள் புலம்பியதும் உண்மை. ஆனாலும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்ற கேள்வியையாவது அது கேட்டது. ஆறாம் வகுப்பில் கால் வைத்ததும் ஏணி காணாமல் போய், நாற்பது பேரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படும் கூடுதல் பயிற்சியை அளிப்பது ஆசிரியரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்கான நேரத்தைத்தான் யாரும் கால அட்டவணையில் ஒதுக்குவதில்லை.

நேரம் ஒதுக்காத நிலையில் சிறப்பு வகுப்பு எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுப் பாடவேளையை வாங்கிக்கொள்கிறோம், அல்லது மாலை மணி அடித்த பிறகு உட்கார வைக்கிறோம். மைதானத்தில் மற்றவர்கள் கத்துகிற சத்தம் சன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, காலையில் புரியாத அதே கணக்கை அதே கரும்பலகையில் அதே வழியில், கொஞ்சம் உரத்த குரலில் மறுபடியும் நடத்துகிறோம். பிறகு பத்து முறை எழுதி வரச் சொல்கிறோம். 376 என்று எழுதியவன் பத்து முறை எழுதினால் அவனுடைய தவறான விதிதான் பத்து மடங்கு உறுதிப்படும்.

அந்த மாணவன் விடுமுறை நாட்களில் அப்பாவின் காய்கறிக் கடையில் நிற்பவன். முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கும் அரைக் கிலோ தக்காளிக்கும் விலை கூட்டி, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி கொடுக்க அவனுக்குக் காகிதம் தேவையில்லை. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: மனக்கணக்காகச் சிக்கலான வியாபாரத்தை முடிக்கிற பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளி வடிவத்தில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். மறுபுறம், பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆகவே பாலம் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டப்பட வேண்டும். நான் செய்தது பெரிய புதுமை எதுவுமில்லை. நான்கு நூறு ரூபாய்த் தாள்களும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் கையில் இருக்கும்போது 178 ரூபாய் எப்படிக் கொடுப்பாய் என்று கேட்டேன். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைப் பத்துப் பத்து ரூபாய்களாகவும், அதில் ஒன்றைப் பத்து ஒரு ரூபாய்களாகவும் மாற்ற வேண்டும் என்று அவனே சொன்னான். 'கடன் வாங்குவது' என்று நாம் மந்திரம்போல் சொல்லித்தந்தது சில்லறை மாற்றுவதுதான் என்று தெரிந்தபோது அவன் கொஞ்சம் கோபமாகவே என்னைப் பார்த்தான்.

அரசு 'திறன்' திட்டத்தை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டுவந்து, அடிப்படைத் திறன் எட்டாதவர்களைக் கண்டறிந்து தனிப் பயிற்சி அளிக்க முனைந்திருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் 20-க்கு 4 என்ற மதிப்பெண் எனக்கு எதையும் சொல்வதில்லை. சுழியம் வருகிற இடத்தில் இடறுகிறானா, வாய்ப்பாடு தெரியாமல் நிற்கிறானா, கேள்வியைப் படிக்கவே முடியவில்லையா என்பது தெரிந்தால்தான் வகுப்பு நடத்த முடியும். முறையாகக் கற்பித்தும் எண்களோடு தொடர்ந்து போராடுகிற சிலர் இருப்பார்கள். அவர்களை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்ட வேண்டும், அது தனிக் கதை. மற்றவர்களுக்கு வாரத்தில் நான்கு நாட்கள், முற்பகலில், பதினைந்து பேருக்கு மிகாத குழுவாக ஒரு பாடவேளை போதும். அதற்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்பதால்தான் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அதுவரையிலாவது விளையாட்டுப் பாடவேளையை அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.